பீச்சான் மூணு, உடனே சோத்தான் ரெண்டு

மூன்று நாலு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று நிறைய பேர் விசாரித்திருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு சாவுக்குப் போனேன். போன இடத்திலிருந்து நான் திரும்பிவிட்டேன்... மனசு திரும்பி வரத்தான் நாளாகிவிட்டது.

பொன்னுசாமி அண்ணன் இறந்துவிட்டார்.

பழைய வாசகர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். சந்தர்ப்பம் கிடைத்தபோதெல்லாம் அவரை இழுத்துவந்து என் பெருமையைப் பீற்றிக்கொண்டிருக்கிறேனே! புது வாசகர்களுக்குச் சொல்கிறேன். பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர் தாண்டி, பெருமாட்டியில் தென்னந்தோப்பு வைத்திருந்த விவசாயி. வருஷத்தில் சில வாரங்கள் மட்டும் வேட்டியை மடித்து வைத்துவிட்டு, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, மலை ரோடுகளில் கார் பந்தயம் ஓட்டியவர். ராலி என்பார்கள். எங்கள் பக்கத்து மலைகளில் அந்தக் காலத்தில் அவர் பெயரைச் சொன்னால் டீக்கடையில் பேச்சு நிற்கும்.

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தவர், எழுந்திருக்கவில்லை. எழுபத்தாறு வயது. அத்தனை மலைகளில் அத்தனை வேகத்தில் போனவரைக் கடைசியில் ஒரு கட்டிலிலிருந்து சத்தமில்லாமல் கூட்டிப் போய்விட்டார்கள்.

ஒரு பத்திரிகையில் நாலு வரிச் செய்தி வந்தது. கூடவே ஒரு பழைய போட்டோ. காருக்குள் அவர் சிரிக்கிறார். பக்கத்து சீட்டை வெட்டிவிட்டார்கள். ஓரத்தில் ஒரு ஹெல்மெட்டின் பாதி மட்டும் தெரிகிறது.

அந்தப் பாதி ஹெல்மெட் நான்தான்.

ஆறு வருஷம் நான் அவருடைய நேவிகேட்டர். பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு கூர்மை, அதற்கப்புறம் எத்தனை மீட்டர் நேர் ரோடு என்று வாசித்துக்கொண்டே வருகிற வேலை. ஓட்டுகிறவர் கண்ணுக்கு வளைவு தெரிவதற்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

இந்த வேலைக்கு எனக்கிருந்த ஒரே தகுதி — எனக்கு வாந்தி வராது.

சிரிக்காதீர்கள். ஆடுகிற காரில் தலையைக் குனிந்து நாலு வரி படித்துப் பாருங்கள், தெரியும். அண்ணனுக்கு முதலில் வாய்த்த நேவிகேட்டர் மூன்றாவது கிலோமீட்டரில் நோட்டின் மேலேயே எடுத்துவிட்டார். அடுத்தவர் அவருடைய சொந்த மச்சான். பாதி மலையில் "என்னய எறக்கி உட்ருங் மாமா, நான் நடந்தே வந்தர்றேன்" என்று கதவைத் திறந்துவிட்டாராம்.

நான் பூப்பாறைப் பக்கம் ஏல எஸ்டேட்டில் பிறந்தவள். அப்பா அங்கே டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். பள்ளிக்கூடம் போடியில், ஹாஸ்டல். திங்கட்கிழமை காலை ஜீப்பில் போடிமெட்டு வளைவுகளில் இறங்கி, வெள்ளிக்கிழமை சாயந்திரம் அதே வளைவுகளில் ஏற வேண்டும். ஒரு ஜீப்பில் பதினாலு பேர், நாலு மூட்டை, ரெண்டு கோழி. அதற்குள் ஒண்டி உட்கார்ந்து பைபிள் வினாடி வினாவுக்குப் படித்துப் பரிசு வாங்கியவளுக்கு ராலி கார் என்ன பெரிய விஷயம்?

எஸ்டேட் ஆபீசில் நான் டைப்பிஸ்டாக இருந்தபோது ராலி எங்கள் பக்கம் வந்தது. நேரம் குறிக்க எங்கள் ஆபீஸ் ஆட்களை உட்கார வைத்திருந்தார்கள். மச்சானை இழந்து தனியாக வந்து நின்ற அண்ணன், ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "ஏனுங், இங்க வண்டியில போறப்ப பொஸ்தகம் படிக்கறவிய யாராச்சும் இருக்கறீங்ளா?"

மொத்த ஆபீசும் என்னைக் கை காட்டியது.

கல்யாணமாகாத பெண், அசலூர் ஆம்பளையோடு காரில் ஊர் ஊராகப் போவதா? அப்பா கொதித்துப் போனார். சர்ச்சில் ரெண்டு ஞாயிறு பேச்சு ஓடியது. அடுத்த வாரம் அண்ணன் தன் மனைவியோடு வந்து இறங்கினார். மயிலாத்தா மதினி. காதில் பெரிய கம்மல், கையில் ஒரு தேங்காய்க் குலை. எங்கள் வீட்டு பெஞ்சில் உட்கார்ந்து, அப்பா கொடுத்த காப்பியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "என்ற ஊட்டுக்காரரு வண்டியில ஒக்கார்ற புள்ள எனக்கு நாத்தனாருங். அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னைக் கேளுங்."

அப்பா வாயை மூடிக்கொண்டார். அன்றைக்கு முதல் எனக்கு அவர் அண்ணன், இவர் மதினி.

ஆனால் அந்த மதினி ஒரு ராலியைக் கூட நேரில் பார்த்ததில்லை. கூப்பிட்டால் வர மாட்டார். "நான் அங்க வந்து நின்னா அவியளுக்கு என்ற மூஞ்சிதான் தெரியும். ரோடு தெரியாது" என்பார். வீட்டில் அவரை உட்கார வைத்து ஓட்டும்போது அண்ணன் நாற்பதைத் தாண்ட மாட்டார். சித்தூர் சந்தைக்கு ஒரு முறை அவர்களோடு போயிருக்கிறேன். சைக்கிள்காரர் எங்களை முந்திக்கொண்டு போனார்.

சரி, நோட்டுக்கு வருகிறேன்.

எல்லோரும் இங்கிலீஷில் லெஃப்ட், ரைட் என்று வாசிப்பார்கள். அண்ணனுக்கு இங்கிலீஷ் காதில் ஏறி கைக்கு இறங்குவதற்குள் வளைவு போய்விடும். இடது, வலது என்று வாசித்துப் பார்த்தோம். இன்ஜின் இரைச்சலில் ரெண்டும் ஒரே மாதிரி கேட்டது. கடைசியில் அவரே சொன்னார்: "எங்கூர்ல சொல்றாப்புடியே சொல்லுங் அம்மிணி. சோத்தாங்கை, பீச்சாங்கை." அதைச் சுருக்கினோம். வலது என்றால் சோத்தான். இடது என்றால் பீச்சான். லேசான வளைவுக்கு அஞ்சு, ஆளைத் தூக்கிப் போடுகிற வளைவுக்கு ஒண்ணு. "சோத்தான் நாலு, எம்பது, பீச்சான் ஒண்ணு, இறுக்கு!" என்றால், லேசான வலது, எண்பது மீட்டர் நேர் ரோடு, அப்புறம் கொடூரமான இடது.

ஒரு ரோட்டுக்குப் போகிற முதல் வருஷம், ராலிக்கு முன்னால் அதில் மெதுவாகப் போய், அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்வேன்; அப்புறம் வருஷா வருஷம் அதே நோட்டுதான். பந்தயத்தன்று அதை நான் அவருக்குத் திருப்பி வாசிப்பேன். நூறு கிலோமீட்டர் வேகத்திலும் "படிங் அம்மிணி... சரிங்... படிங்" என்று ங்க போட்டுத்தான் பேசுவார். இன்டர்காமில் அந்த "சரிங்" கேட்டுக்கொண்டே இருக்கும்.

நான் தலையைத் தூக்க மாட்டேன். தூக்கினால் வரி தப்பிவிடும். ஆறு வருஷம் அந்த மலைகளில் பறந்திருக்கிறேன். ஒரு மலையைக் கூடப் பார்த்ததில்லை.

எல்லாவற்றிலும் அண்ணனுக்குப் பிடித்தது போடிமெட்டுக்குப் பக்கத்தில் பிரிகிற ஓர் எஸ்டேட் ரோடு. ஏழு கிலோமீட்டர். ஒரு பக்கம் தேயிலை, மறு பக்கம் கிடுகிடு பள்ளம். நாலாவது வருஷம் அங்கே மஞ்சு இறங்கிவிட்டது. மூடுபனிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். காரின் மூக்கு கூடத் தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் போனவர்கள் ஊர்ந்து ஊர்ந்து போனார்கள். அண்ணன் வேகத்தைக் குறைக்கவே இல்லை. நான் வாசித்தேன், அவர் திருப்பினார். ஜெயித்தோம். கோப்பையை வாங்கியவர் மைக்கைப் பிடித்து, "நான் ஒண்ணும் பண்ணலீங். இந்த அம்மிணி படிச்சுது, நான் கேட்டேன், அவ்வளவுதானுங்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்து இந்தப் பத்தியில் எத்தனை தடவை பெருமையடித்திருக்கிறேன்! 'என் வாய்தான் அவர் ஸ்டியரிங்' என்று தலைப்பே வைத்தேன் ஒரு தடவை. மறந்திருக்க மாட்டீர்கள்.

அப்புறம் எனக்குக் கல்யாணமாகி கோயமுத்தூர் வந்துவிட்டேன். அவருக்கு முழங்கால் போனது. ராலி நின்றது. பேச்சு நிற்கவில்லை. இந்தப் பத்தி வெளியாகிற நாளன்று காலை போன் வரும். கண்ணில் புரை, எழுத்து தெரியவில்லை என்பார். "படிங் அம்மிணி." நான் வாசிப்பேன். ஒவ்வொரு பாரா முடியும்போதும் அந்தப் பக்கத்தில் ஒரு "சரிங்". கண் ஆபரேஷன் ஆகி நன்றாகத் தெரிய ஆரம்பித்த பிறகும் போன் வந்துகொண்டுதான் இருந்தது. நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இந்த வாரம் போன் வராது. காலையிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, மதினி என்னை உள்ளே கூப்பிட்டார். பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே எங்கள் நோட்டு. அட்டை போயிருந்தது, உள்ளே என் கையெழுத்து அப்படியே இருந்தது.

"அம்மிணி, ஒருக்கா எனக்கு இதைப் படிச்சுக் காட்டு."

வாசித்தேன். சோத்தான் மூணு, நூறு, பீச்சான் நாலு, பாலம், பீச்சான் ஒண்ணு... மதினி கண்ணை மூடிக் கேட்டார். ஒரு பக்கம் முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"இது ஊட்டுல ஒக்காந்து கேக்கறதில்ல அம்மிணி. நாப்பத்தெட்டு வருசம் அவியகூட இருந்தேன். எனக்கு நாப்பதுல ஓட்டுன மனுசனத்தான் தெரியும். உனக்குத் தெரிஞ்ச மனுசனை நானும் ஒருக்கா பாக்கோணும். அந்த மலைக்கே போலாம்."

மறுக்க முடியுமா? அடுத்த வியாழக்கிழமை விடிகாலையில் கிளம்பினோம். அண்ணனின் பழைய ஜீப், வாடகை டிரைவர் ஒருவர். உடுமலை, பழனி, தேனி வழியாகப் போடி. மலை ஏறும்போது எனக்குத்தான் வயிற்றைப் புரட்டியது. வயசாகிவிட்டது, என்ன செய்ய!

போடிமெட்டில் எல்லாம் மாறிவிட்டது. செக்போஸ்ட் தாண்டினால் ரிசார்ட் போர்டுகள். மஞ்சுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். ஆனால் அந்த எஸ்டேட் ரோடு அப்படியே இருந்தது. ஆபீசில் சொல்லி வைத்திருந்ததால் கேட்டைத் திறந்துவிட்டார்கள்.

கேட்டுக்கு உள்ளே வந்ததும் மதினி டிரைவரிடம், "நீங்க அந்தக் கடையில டீ குடிச்சுட்டு இருங் தம்பி" என்று சொல்லிவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார்.

எனக்கு ஓட்டத் தெரியாது. ஆம், ஆறு வருஷம் நேவிகேட்டர். இன்றைக்கு வரை கார் ஓட்டத் தெரியாது. மதினிக்குத் தோப்புக்குள் ஓட்டி நல்ல பழக்கம். இருந்தாலும் மலை ரோடு. அறுபத்தெட்டு வயது.

"மதினி, பாத்துப் போங்க... இங்க ஓரத்துல சுவர் கிடையாது."

"நீ நோட்டைப் பாரு. ரோட்டை நான் பாத்துக்கறேன். படி."

வாசித்தேன். ஆரம்பத்தில் சிரிப்பாக இருந்தது. இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற ஜீப்புக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வாசிக்க வேண்டிய நோட்டு! ஒரு வளைவை வாசித்துவிட்டு, அது வருவதற்குள் ஒரு ஜெபமாலை சொல்லி முடித்துவிடலாம். ஆனால் மதினி ரொம்ப உண்மையாக ஓட்டினார். ஒவ்வொரு வளைவுக்கும் "ம்" என்றார். "இங்க எத்தனையில போவாரு?" என்று கேட்டார். "எண்பது" என்றேன். "என்ற மாராத்தா!" என்றார். "இங்க?" "இங்க பிரேக்கே போட மாட்டாங்க மதினி." மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி "படி" என்றார்.

நான் பழக்கதோஷத்தில் தலையைக் குனிந்தபடியே வந்தேன். நாலாவது கிலோமீட்டர் தாண்டியிருக்கும்.

"பீச்சான் மூணு, உடனே சோத்தான் ரெண்டு."

ஜீப் நின்றது. கொஞ்சம் வேகமாகவே நின்றது.

"அம்மிணி, இன்னொருக்கா படி."

"பீச்சான் மூணு, உடனே சோத்தான் ரெண்டு."

"தலையைத் தூக்கிப் பாரு."

பார்த்தேன். எதிரே ரோடு வலது பக்கம் திரும்பி, உடனே இடது பக்கம் வளைந்து மேலே போனது. நேர் எதிர். இடது பக்கம் ரோடே இல்லை. பள்ளம். கீழே எங்கேயோ ஒரு தகரக் கூரை தீப்பெட்டி அளவில் தெரிந்தது.

ரோட்டை மாற்றியிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். வேறு எப்படி இருக்க முடியும்? மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "யக்கா, இந்த ரோடு முன்னாடி அந்தப் பக்கமாவா போச்சு?" அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அந்தப் பக்கம் என்னத்த ரோடு? நாங்க பிறந்ததுலருந்து இப்படித்தான். அந்தா பாருங்க, கருங்கல் கட்டு, வெள்ளைக்காரன் காலத்துது."

நோட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தேன். அந்த ஒரு வரியில் மட்டும் மை வேறு நிறம். பார்த்ததும் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. எழுதப் போன அன்றைக்கு மழை. ஜன்னல் வழியாகச் சொட்டி அந்த வரி அழிந்துவிட்டது. திரும்பி இறங்கி வரும்போது அந்த இடத்தைப் பார்த்து மறுபடி எழுதினேன். இறங்கும்போது எழுதினால் எந்த வளைவு முதலில் என்ற வரிசையைத் திருப்ப வேண்டும், சோத்தான் பீச்சான் என்ற பக்கத்தையும் திருப்ப வேண்டும். நான் வரிசையைத் திருப்பினேன். பக்கத்தைத் திருப்பவில்லை.

ஆறு வருஷம். ஒவ்வொரு வருஷமும் அதே நோட்டு. ஒவ்வொரு வருஷமும் அந்த மனிதரைப் பள்ளத்துக்குள் போகச் சொல்லியிருக்கிறேன், கணீரென்ற குரலில்.

கார் இப்படி ஓர் ஆட்டம், அப்படி ஓர் ஆட்டம் ஆடும். நான் குனிந்திருப்பேன். எந்த ஆட்டம் முதலில் வந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது... என் முதல் எண்ணம் செத்துப்போயிருப்போமே என்பதல்ல. அப்படியென்றால் அவர் நான் வாசித்ததைக் கேட்கவே இல்லையே என்பதுதான். கேட்டிருந்தால் பள்ளத்தில் கிடந்திருப்போமே! அவர் தன் கண்ணை நம்பி ஓட்டியிருக்கிறார். பக்கத்தில் ஒரு ரேடியோ பாடிக்கொண்டு வந்திருக்கிறது. ரேடியோவுக்குக் கோப்பையில் பாதிப் பங்கு வேறு கொடுத்திருக்கிறார், பாவம் என்று.

ஜீப்பிலிருந்து இறங்கி நின்றேன். செத்துப்போன மனிதர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இனி யாரிடம் போய்க் கேட்பேன்? போன் செய்தால் எடுப்பாரா? இத்தனை வருஷம் நான் உங்களுக்கு என்னவாக இருந்தேன் அண்ணே என்று ஒரே ஒரு கேள்வி... அதைக் கேட்க இருந்த ஒரே ஆளைத்தான் போன மாதம் எரித்துவிட்டோம்.

மதினி இறங்கி வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்ட உரிமை உள்ளவர் அவர்தானே? அவரோ பள்ளத்தைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் முழுக்க ஒரு வெளிச்சம்.

"அட... அந்த எடம் இதுதானா!"

"என்ன மதினி சொல்றீக? எந்த இடம்?"

"மொத வருசமே சொன்னாரு. ராலி முடிஞ்சு வந்து சோத்துக்கு ஒக்காந்தவரு தானா சிரிக்கறாரு. என்னங்னு கேட்டா, 'அந்த அம்மிணி ஒரே ஒரு எடத்துல மாத்திப் படிக்குது மயிலா'ங்கறாரு. எனக்குப் பக்குனு ஆயிப்போச்சு. சொல்லிப்போட வேண்டீதுதானுங்களேன்னேன். சொல்லக்கூடாதுன்னுட்டாரு."

"ஏன் மதினி?"

"'சொன்னா அது திருத்திரும். ஆனா அப்புறம் ஒவ்வொரு வளைவையும் இது சரியோ தப்போன்னு யோசிச்சு யோசிச்சுப் படிக்கும். கொரலு நடுங்கிரும். அந்தக் கொரலு நடுங்குச்சுன்னா எனக்குப் பயம் வந்துரும் மயிலா, அப்புறம் என்னால ஓட்ட முடியாது. அந்த ஒரு எடத்தை நான் பாத்துக்கறேன், மிச்ச மலையெல்லாம் அது பாத்துக்கட்டும்.' இதுதான் அவிய சொன்னது. உன்ற கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டாரு. எந்த எடம்னு மட்டும் நான் கேக்கவே இல்ல பாரு."

"பயமா? அண்ணனுக்கா?"

"பயமில்லாம யாராச்சும் இந்த ரோட்டுல ஓட்டுவாங்ளா? ராலிக்குப் போற அன்னிக்குக் காத்தால ஒரு இட்லி எறங்காது அவியளுக்கு. உன்ற முன்னால காட்டிக்க மாட்டாரு. நீ வந்து வண்டியில ஒக்காந்து படிக்க ஆரம்பிச்சாத்தான் நெஞ்சு படபடப்பு நிக்கும்பாரு."

நான் அந்தக் கருங்கல் கட்டின் மேலே உட்கார்ந்துவிட்டேன்.

மஞ்சு வருஷத்தை நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு அவருக்குக் கண் உதவவில்லை. ரோடு தெரியவில்லை. என் வாய் 'பீச்சான் மூணு' என்றது. அவர் கை சோத்தான் பக்கம் திருப்பியது. நான் சொன்னதைக் காதில் வாங்காத ஆளால் அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட முடியுமா? அந்த மனிதர் என் குரலை ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறார். தப்பு எங்கே என்றுகூடத் தெரிகிற அளவுக்குக் கேட்டிருக்கிறார்.

அழுதேன். மதினி தடுக்கவில்லை. அவரும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். கொழுந்து எடுத்த அம்மா கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துவிட்டுக் கூடையைச் சரிசெய்துகொண்டு மேலே போனார்.

அவர் செய்தது சரியா? எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒரு வருஷம் அவர் மறந்திருந்தால்? இந்தப் பத்தியை எழுத நான் இல்லை. தப்பைச் சொல்லித்தான் ஆக வேண்டிய இடங்கள் உண்டு, அதில் இது முதல் இடம் என்று என் வீட்டுக்காரர் அடித்துச் சொல்கிறார். அவர் இன்ஜினியர், அப்படித்தான் சொல்வார்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்துவிட்டு நம்மில் யாருக்காவது அஞ்சு நிமிஷம் சும்மா இருக்க முடிகிறதா? கல்யாணப் பத்திரிகையில் எழுத்துப் பிழை என்றால் பந்தியிலேயே சொல்லிவிட்டுத்தான் பாயசம் குடிக்கிறோம். பிள்ளை நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கி வந்தால் அந்த ரெண்டைத்தான் கேட்கிறோம். நானும் அப்படித்தான். என் மருமகள் ரசத்தில் உப்பு குறைந்தால் வாயில் வைத்த அடுத்த வினாடி சொல்லிவிடுவேன். சொன்ன பிறகு ஒரு வாரம் அந்தப் பெண் ஒவ்வொரு வேளையும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பரிமாறும். அது அக்கறை என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன்.

இங்கே ஒருவர் என் தப்பைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆறு வருஷம் மலை ஏறியிருக்கிறார். அதற்கப்புறம் முப்பது வருஷம் போனில் என் பத்திகளைக் கேட்டிருக்கிறார். அதில் எத்தனை தப்போ! எத்தனை இடத்தில் நான் பீச்சான் என்றதை அவர் சோத்தான் என்று எடுத்துக்கொண்டு "சரிங்" சொன்னாரோ!

பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அந்த வரியைத் திருத்தலாம் என்று. மதினி என் கையில் ஒரு தட்டு தட்டினார்.

"அதுல கை வெக்காதே. அவிய அதை மாத்தாம வெச்சுத்தான் ஓட்டுனாரு. நீ யாரு மாத்தறதுக்கு?"

நானா? எழுதினவள். ஆனால் பேனாவை உள்ளே வைத்துவிட்டேன்.

மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். கிளட்சை மிதித்து, கியரைத் தள்ளி, அந்த ரெண்டு வளைவையும் நான் வாசிக்காமலே தானாகத் திருப்பினார். முதலில் சோத்தாங்கைப் பக்கம். அப்புறம் பீச்சாங்கைப் பக்கம். மெதுவாக, அவர் வீட்டுக்காரர் அவரை வைத்து ஓட்டுகிற வேகத்தில்.

"ம். இனி மேல என்ன வருது? படி அம்மிணி."

நோட்டைப் பார்த்தேன். எழுத்தெல்லாம் கலங்கியிருந்தது. இன்னும் மூன்று கிலோமீட்டர் இருந்தது. வாயைத் திறந்தேன். "சோத்தான் அஞ்சு... நூத்தம்பது..." குரல் நடுங்கியது. அடக்கப் பார்த்தேன், இன்னும் அதிகமாக நடுங்கியது.

நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதைக் கேட்டுப் பயப்பட அவர் இல்லையே.